2022 பெற்றோல் வரிசை: தட்டுப்பாடு எங்கே தொடங்கியது, யார் தலையில் இறங்கியது?

வடமராட்சியான்

சென்ற கிழமை அலுமாரியை ஒதுக்கும்போது பழைய கொப்பி ஒன்று அகப்பட்டது. 2022 மே முதல் ஓகஸ்ட் வரை பெற்றோலுக்காக வரிசையில் நின்ற நாட்களை அதில் குறித்து வைத்திருக்கிறேன். போய்ச் சேர்ந்த நேரம், எத்தனையாவது ஆள், எரிபொருள் கொண்டுவரும் பவுசர் லொறி வந்த நேரம், கிடைத்த லீற்றர். மொத்தம் 14 நாட்கள். 6 நாட்கள் வெறுங்கையோடு திரும்பியிருக்கிறேன்.

இரண்டு வரிகளை அப்படியே தருகிறேன்.

"ஜூன் 14. அதிகாலை 3.40. 412ஆவது. பவுசர் வரவில்லை. பின்னேரம் 5 மணிக்குத் திரும்பினேன்."

"ஜூன் 15. அதிகாலை 2.15. 188ஆவது. பவுசர் காலை 10.30. எனக்கு முன்னால் 9 பேர் நிற்கும்போது முடிந்தது."

அந்த 9 பேரில் ஒருவர் தன் மோட்டார் சைக்கிளின் தாங்கி மூடியைத் திறந்து கையில் வைத்தபடியே நின்றார். முடிந்துவிட்டது என்று சொன்ன பிறகும் அவர் மூடியைப் பூட்டவில்லை. அந்தக் காட்சி இன்றும் கண்ணில் நிற்கிறது.

நான் பருத்தித்துறைப் பக்கம். பளைக்கு அப்பால் ஒரு பாடசாலையில் படிப்பிக்கிறேன். போக வர 70 கிலோமீற்றர். சில நாட்களுக்கு முன் ஆசிரியர் ஓய்வறையில் இந்தக் கொப்பியைக் காட்டினேன். புதிதாக வந்த இளம் ஆசிரியர் ஒருவர், "சனங்கள் பதுக்கியதால்தானே தட்டுப்பாடு வந்தது" என்று சொன்னார். அவர்மேல் எனக்குக் கோபமில்லை, அப்போது அவர் பல்கலைக்கழக விடுதியில் இருந்திருப்பார். ஆனால் சில வருடங்களுக்குள்ளேயே பழி வரிசையில் நின்றவன் தலையில் வந்து விழுகிறதே என்று மனம் கொதித்தது.

அன்று நின்றவர்கள், பம்பில் வேலை செய்தவர்கள், கப்பல் விவரம் அறிந்தவர்கள் உங்களுக்குத் தெரிந்ததை இங்கே எழுதுங்கள். தட்டுப்பாடு எங்கே தொடங்கியது? ஏன் சில ஊர்களில் மட்டும் அதிக நாட்கள் நின்றது?

மேகலா

ஐயா, நான் அந்தக் காலத்தில் கொழும்பில் ஒரு வங்கியில் இறக்குமதிக்கான நாணயக் கடிதங்களை, அதாவது பணம் தருவதாக வங்கி கொடுக்கும் உறுதிக் கடிதங்களைப் பார்க்கும் பிரிவில் இருந்தேன். எரிபொருள் கடிதங்கள் எங்கள் வங்கியில் குறைவு, ஆனால் அதே நோய்தான் எல்லாவற்றுக்கும்.

கப்பலில் எண்ணெய் அனுப்புகிறவனுக்கு இலங்கையிலுள்ள ஒரு வங்கியின் கையெழுத்து மட்டும் போதாது. வெளிநாட்டுப் பெரிய வங்கி ஒன்று, "இவர்கள் தராவிட்டால் நாங்கள் தருகிறோம்" என்று உறுதி சொல்ல வேண்டும். 2022 தொடக்கத்திலேயே அந்த உறுதியைக் கொடுக்க வங்கிகள் தயங்கின. ஏப்ரல் 12ஆம் திகதி வெளிநாட்டுக் கடன்களைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்துவதாக அரசு அறிவித்தபின் தயக்கம் மறுப்பாக மாறியது. முதலில் பணம், பிறகு எண்ணெய் என்றார்கள். கையில் டொலர் இல்லை.

பெற்றோல் ஏற்றிய கப்பல் ஒன்று மார்ச் 28 முதல் நம் கடலில் நங்கூரமிட்டு நின்றது, அதற்குக் கொடுக்க டொலர் இல்லை என்று எரிசக்தி அமைச்சர் காஞ்சன விஜேசேகர மே மாதம் நாடாளுமன்றத்தில் சொன்னார். அதே விற்பனையாளருக்கு ஜனவரியில் இறக்கிய எண்ணெய்க்கே 53 மில்லியன் டொலர் பாக்கி இருந்தது. நிற்கிற ஒவ்வொரு நாளுக்கும் கப்பலுக்குத் தாமதக் கட்டணம் வேறு ஏறும். மே 16 அன்று பிரதமர் ரணில் விக்கிரமசிங்க, ஒரு நாளுக்குத் தேவையான பெற்றோல்தான் கையிருப்பில் இருக்கிறது என்று நாட்டுக்கே அறிவித்தார்.

மார்ச் தொடக்கத்தில் டொலர் 200 ரூபாய் அளவில் இருந்தது. மே மாதத்தில் 360ஐத் தொட்டது. 2021 டிசம்பர் இறுதியில் 177 ரூபாய்க்கு விற்ற ஒக்டேன் 92 பெற்றோல், 2022 ஜூன் 26இல் 470 ரூபாய். இந்தியா கொடுத்த 500 மில்லியன் டொலர் எரிபொருள் கடன் இல்லாவிட்டால் மார்ச், ஏப்ரல் மாதங்களிலேயே நாடு நின்றிருக்கும்.

எங்கள் அலுவலகம் மேல்மாடியில். யன்னலால் பார்த்தால் துறைமுகத்துக்கு வெளியே கப்பல்கள் தெரியும். மாலையில் வேலை முடிந்து கீழே இறங்கினால் வீதி முழுக்க வாகன வரிசை. கடலிலும் வரிசை, கரையிலும் வரிசை. அவை இரண்டுக்கும் நடுவில் இருந்த கடதாசி என் மேசையில் கிடந்தது. அதைத் தொட்டு எதுவும் செய்ய முடியாமல் இருந்ததை நினைத்தால் இன்றும் வயிறு பிசைகிறது.

பம்படியான்

நான் கிளிநொச்சி மாவட்டத்தில் ஒரு எரிபொருள் நிரப்பு நிலையத்தில் 9 வருடங்கள் வேலை செய்தேன். 188ஆவது ஆளுக்கு ஏன் கிடைக்கவில்லை என்று மாஸ்டருக்குச் சொல்கிறேன். உங்கள் செட்டில் (நிரப்பு நிலையத்தில்) எப்படி நடந்ததோ தெரியாது, எங்களிடம் இப்படித்தான்.

சாதாரணப் பவுசர் 6,600 லீற்றர் கொள்ளும். அது முழுக்கப் பெற்றோல் என்று சனங்கள் நினைப்பார்கள். அந்த நாட்களில் பல தடவை பாதி பெற்றோல், பாதி டீசல் வந்தது. ஆக 3,300 லீற்றர். அதில் அம்புலன்ஸ், வைத்தியசாலை ஊழியர், மின்சார சபை என்று அத்தியாவசியத்துக்கு 900 லீற்றர் அளவில் ஒதுக்கிவிடுவோம். மீதி 2,400. கார், வான் வரிசையில் 70 வாகனத்துக்கு 20 லீற்றர்ப்படி கொடுத்தால் 1,400 போய்விடும். மிஞ்சுவது 1,000 லீற்றர். ஓட்டோவும் மோட்டார் சைக்கிளும் சேர்ந்து நிற்கிற வரிசையில் 5 லீற்றர்ப்படி கொடுத்தால் 200 பேர். ஓட்டோக்காரருக்குக் கொஞ்சம் கூடக் கொடுத்தால் 180 பேரோடு முடிந்துவிடும்.

பவுசர் வந்ததும் நிலத்தடித் தாங்கிக்குள் அளவுகோலை விட்டு எடுப்போம். கோலில் பெற்றோல் நனைத்த அடையாளம் சில நொடிகளில் காய்ந்துவிடும். அதற்குள் வாசிக்க வேண்டும். அப்போது வரிசையில் நிற்கிற 400 பேரின் கண்ணும் அந்தக் கோலில்தான் இருக்கும். கோலைப் பார்த்துவிட்டு நிமிரும்போது அவர்கள் முகத்தைப் பார்க்க என்னால் முடியாது. எவ்வளவு என்று கேட்பார்கள். உண்மையைச் சொன்னால் பின்னால் நிற்பவன் குழம்புவான், சொல்லாவிட்டால் கடைசிவரை நின்று ஏமாறுவான். நான் சொல்லிவிடுவேன். அதற்காக ஒரு தடவை அடியும் வாங்கினேன்.

ஆனால் மாஸ்டர், சனங்கள் பதுக்கவே இல்லை என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். காலையில் 5 லீற்றர் அடித்தவர் மதியம் மீண்டும் வருவார், தாங்கியைத் திறந்தால் உலர்ந்து கிடக்கும். வீட்டுக்குப் போய்க் குழாய் போட்டு உறிஞ்சிப் போத்தலில் ஊற்றிவிட்டு வந்திருப்பார். ஒரே வண்டி ஒரே நாளில் மூன்று தடவை வந்ததை நான் என் கையால் அடித்திருக்கிறேன். ஜூன் கடைசியில் எங்கள் பகுதியில் ஒரு போத்தல் 1,500 ரூபாய்க்குப் போனது. அது எங்கிருந்து வந்தது?

வடமராட்சியான்

தம்பி, அடி வாங்கியும் உண்மையைச் சொன்னதற்கு நன்றி. என் கொப்பியின் கணக்கு இப்போதுதான் எனக்கே விளங்கியது. 180 பேர் அளவில் முடிகிற இடத்தில் நான் 188ஆவதாக நின்றிருக்கிறேன்.

பதுக்கல் நடக்கவில்லை என்று நான் சொல்லமாட்டேன். எது முந்தியது என்றுதான் கேட்கிறேன். பவுசர் கிழமைக்கு ஒருமுறை வரும் என்று ஒருவர் உறுதி சொல்லியிருந்தால், அந்த மனிதர் குழாய் போட்டு உறிஞ்சியிருப்பாரா?

ராலேவாசி

வணக்கம். நான் தமிழ்நாட்டுத் திருநெல்வேலிக்காரன், அமெரிக்காவில் வட கரோலினாவில் இருக்கிறேன். இலங்கையில் நடந்தது டொலர் இல்லாத நாட்டின் துயரம், அதோடு எங்கள் அனுபவத்தை ஒப்பிடக் கூடாது. ஆனால் எது முந்தியது என்ற கேள்விக்கு எங்கள் ஊரில் ஒரு பதில் இருக்கிறது.

2021 மே 7ஆம் தேதி கொலோனியல் பைப்லைன் என்ற நிறுவனத்தின் அலுவலகக் கணினிகளை இணையக் கொள்ளையர்கள் முடக்கினார்கள். குழாய்க்கு எந்தச் சேதமும் இல்லை. முன்னெச்சரிக்கையாக நிறுவனமே குழாயை நிறுத்தியது. ஹூஸ்டனில் தொடங்கி நியூஜெர்சி வரை ஏறக்குறைய 8,850 கிலோமீட்டர் நீளும் வலையமைப்பு அது. கிழக்குக் கரை மாநிலங்களின் எரிபொருளில் 45 சதவீதம் அதன் வழியாகத்தான் வருகிறது. நியூயார்க் பக்கம் கப்பலிலும் பெட்ரோல் இறக்கலாம். எங்கள் மாநிலத்தில் சுத்திகரிப்பு ஆலை கிடையாது, நாங்கள் அந்தக் குழாயை நம்பி வாழ்பவர்கள். அதனால் அடி எங்களுக்குத்தான் பலமாக விழுந்தது.

முதல் இரண்டு நாட்கள் ஒன்றும் ஆகவில்லை, கிடங்குகளில் இருப்பு இருந்தது. செய்தி பரவிய பிறகுதான் எல்லாரும் ஓடினார்கள். நானும் ஓடினேன். என் காரில் அரைத் தொட்டிக்கு மேல் இருந்தது, ஒரு வாரத்துக்குப் போதும். ஆனாலும் 40 நிமிடம் நின்று நிரப்பினேன். சாதாரண நாளில் ஆயிரம் கார்களில் சராசரியாகப் பாதித் தொட்டி காலியாக இருக்கும். அவ்வளவு பேரும் மூன்று நாளுக்குள் 25 லிட்டர் கூடுதலாக நிரப்பினால் 25,000 லிட்டர். நண்பர் சொன்ன பவுசர் கணக்கில் ஏறக்குறைய நான்கு வண்டி. எங்கிருந்து வரும்?

மே 12 அன்று குழாய் மீண்டும் இயங்கத் தொடங்கியது. அப்போது மாநிலத்தின் பங்க்குகளில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு வறண்டு கிடந்தன. குழாயில் எண்ணெய் வேகமாக நடக்கிற மனிதனின் வேகத்தில்தான் நகரும். ஹூஸ்டனில் திறந்தால் இங்கே வந்து சேர நாட்கள் ஆகும். பிளாஸ்டிக் பைகளில் பெட்ரோல் பிடிக்காதீர்கள் என்று அரசின் நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் எச்சரிக்கை விடும் அளவுக்கு நிலைமை போனது.

என் பக்கத்து வீட்டுச் செவிலியர் அன்று வேலைக்குப் போகப் பெட்ரோல் கிடைக்காமல் என்னிடம் வந்து கேட்டார். தொட்டி நிரம்பியிருந்த என் காரில் அவரை மருத்துவமனையில் இறக்கிவிட்டேன். அவருக்குப் போக வேண்டிய பெட்ரோலைத்தான் நான் என் தொட்டியில் வைத்திருந்தேன் என்று அந்த இருபது நிமிடப் பயணத்தில் உணர்ந்தேன். வெட்கமாக இருந்தது.

கரையோரன்

எல்லாரும் பெற்றோலைப் பற்றியே எழுதுகிறீர்கள். நாங்கள் மாதகல் பக்கம் கடற்றொழில் குடும்பம். எங்கள் படகின் வெளியிணைப்பு இயந்திரம் மண்ணெண்ணெயில் ஓடுகிறது. சப்புகஸ்கந்த சுத்திகரிப்பு ஆலை மசகெண்ணெய் (கச்சா எண்ணெய்) இல்லாமல் மூடப்பட்ட போதெல்லாம் மண்ணெண்ணெயும் நின்றுவிட்டது. 1969 முதல் இயங்கிய ஆலை அது. டொலர் இல்லாமல் முதன்முதலாக 2021 நவம்பரில் நின்றது, 2022இல் திரும்பத் திரும்ப நின்றது.

அதோடு கானில் எரிபொருள் கொடுக்கக் கூடாது என்று தடை. பதுக்கலை நிறுத்தப் போட்ட தடைதான், புரிகிறது. ஆனால் படகை நாங்கள் செட்டுக்கு இழுத்துக்கொண்டா போவது? தோட்டக்காரர் நீர் இறைக்கும் இயந்திரத்தைக் கிணற்றடியில் இருந்து கழற்றிக்கொண்டா போவது? யாழ்ப்பாணத்தில் வருடம் முழுக்க ஓடும் ஆறு கிடையாது. வெங்காயமும் புகையிலையும் கிணற்றுத் தண்ணீரில்தான் விளைகின்றன. கடிதம் வாங்கிக்கொண்டு வா என்றார்கள், கடிதம் வாங்கப் போனால் அதிகாரி பெற்றோல் இல்லாமல் வரவில்லை.

அப்பாவுக்கு ஒரு நாள் தொழிலுக்கு 20 லீற்றர் வேண்டும். கிழமைக்கு 20 கிடைத்தால் பெரிய விசயம். ஆழத்துக்குப் போகாமல் கரையோரம் வலை போட்டார். பிடித்த மீனையும் விற்க முடியவில்லை, குளிரூட்டி லொறிக்கு டீசல் இல்லை. சூடை மீனைக் கரையில் கொட்டி உலர்த்தினோம். ஊரே கருவாட்டு மணம். 2022 ஓகஸ்ட்டில் வரிசை குறைந்தது என்று எல்லாரும் மகிழ்ந்த நேரத்தில்தான் 87 ரூபாய் மண்ணெண்ணெயை 340 ஆக்கினார்கள். எங்களுக்குத் தட்டுப்பாடு அன்றோடு முடியவில்லை, உருவம் மாறியது.

கொட்டகலை மலர்

கரையோரன் அண்ணா, மண்ணெண்ணெய் என்று ஒருவர் எழுதியதே ஆறுதல். எங்கள் லயத்தில், தேயிலைத் தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில், வாகனம் வைத்திருப்பவர் ஒருவரும் இல்லை. காஸ் சிலிண்டர் கிடைக்காமல் போனபோது விறகும் மண்ணெண்ணெயும்தான். மழைக்காலத்தில் மலையில் விறகு காயாது.

அம்மா கொழுந்து பறிக்கும் வேலைக்குப் போகாமல் வரிசையில் நின்றார். அன்றைய பெயர் போடாவிட்டால் அன்றைய சம்பளம் இல்லை. வரிசையில் ஆட்கள் நிற்கவில்லை, கான்கள் நின்றன. நீலம், மஞ்சள், வெள்ளை. ஒவ்வொரு கானின் கைப்பிடிக்குள்ளும் ஒரே கயிற்றைக் கோத்து, கயிற்றின் நுனியை வீதியோரத் தூணில் கட்டியிருந்தார்கள். யாரும் இடையில் செருகிவிடாமல் இருக்க. அம்மா தன் கானில் சிவப்புத் துணி கட்டியிருந்தார். இரவில் கான்கள் அங்கேயே நிற்கும். முறை வைத்து இரண்டு பேர் காவல். அட்டை கடித்த காலோடு அம்மா விடியற்காலையில் வீட்டுக்கு வந்ததைப் பார்த்திருக்கிறேன்.

இன்னொன்று சொல்ல வேண்டும். கொட்டகலையில் எண்ணெய்க் களஞ்சியம் இருக்கிறது. கொழும்பிலிருந்து ரயிலில் எண்ணெய் வரும் இடம். கண்முன்னே தாங்கிகள். அவற்றைப் பார்த்தபடி வெறும் கானோடு நிற்பது எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். உள்ளே இல்லை என்றார்கள். இல்லாமலே இருந்திருக்கலாம். ஆனால் எவ்வளவு இருக்கிறது, எப்போது வரும் என்று ஒரு பலகையில் எழுதி வைக்க யாருக்கும் தோன்றவில்லை. அப்படி எழுதியிருந்தால் அம்மா மூன்று நாள் சம்பளத்தை இழந்திருக்க மாட்டார்.

நல்லூர் பெரியவர்

பிள்ளைகள் எழுதுவதை இரண்டு நாளாக வாசிக்கிறேன். எனக்கு 78 வயது. 1990 ஜூனில் போர் மீண்டும் தொடங்கியபின் யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் தடை செய்யப்பட்டது. அது டொலர் இல்லாத தட்டுப்பாடு இல்லை, வேண்டுமென்றே மூடிய கதவு. மின்சாரமும் இல்லை. அத்தோடு வருடங்களை ஓட்டினோம்.

என்னிடம் ஒஸ்ரின் ஏ40 கார் இருந்தது. மண்ணெண்ணெயில் ஓட்டினோம். குளிர்ந்த இயந்திரம் மண்ணெண்ணெயில் பற்றாது. அதனால் சிறிய மருந்துப் போத்தலில் பெற்றோலைப் பொன்போல வைத்திருந்து, காபரேற்றருக்குள் சில சொட்டு விட்டுக் கிளப்புவோம். சூடேறியபின் மண்ணெண்ணெய். வெள்ளைப் புகை வீதியை மறைக்கும். இடையில் நின்றுவிட்டால் மீண்டும் சொட்டு விட வேண்டும், ஆகையால் பிரசவத்துக்கு ஆளை ஏற்றிப் போகும்போது வைத்தியசாலை வாசலில் கூட இயந்திரத்தை நிறுத்தமாட்டோம். வீட்டில் ஜாம் போத்தலுக்குள் பஞ்சை வைத்து, சைக்கிள் ரியூப் வால்வில் திரி கோத்து விளக்கு எரித்தோம். என் பிள்ளைகள் மூவரும் அந்த வெளிச்சத்தில் படித்துத்தான் பரீட்சை எழுதினார்கள்.

2022இல் கொழும்பில் இருக்கும் மகள் தொலைபேசியில் அழைத்து, "அப்பா, அந்த விளக்கை எப்படிச் செய்தீர்கள்" என்று கேட்டாள். சொல்லிக்கொடுத்தேன். பிறகு வெகுநேரம் இருவரும் ஒன்றும் கதைக்கவில்லை.

புதியவன்

எல்லாருடைய கஷ்டமும் உண்மை. ஆனால் ஒரு நல்ல விசயத்தையும் பதிய வேண்டும். 2022 ஜூலை 16இல் தேசிய எரிபொருள் அனுமதிப் பத்திரத்தை அறிமுகப்படுத்தினார்கள், அதுதான் கியூஆர் குறியீடு. ஓகஸ்ட் 1 முதல் நாடு முழுவதும் அதுவே நடைமுறை. மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர், ஓட்டோவுக்கு 5, காருக்கு 20. அமைச்சருக்கும் அதே குறியீடு, எனக்கும் அதே குறியீடு. ஓகஸ்ட் நடுப்பகுதிக்குள் எங்கள் ஊரில் வரிசை கரைந்துவிட்டது. அதற்கு முன் ஜூன் 28 முதல் ஜூலை 10 வரை அத்தியாவசிய சேவைக்கு மட்டும் என்று சொல்லி சாதாரண மனிதனுக்கு விற்பதையே நிறுத்தி வைத்திருந்தார்கள். அந்த நிலையிலிருந்து ஒரு மாதத்துக்குள் இந்த மாற்றம். பாராட்ட வேண்டாமா?

வடமராட்சியான்

பாராட்டுகிறேன் தம்பி. ஆனால் 4 லீற்றரைக் கொஞ்சம் விரித்துப் பாருங்கள். என் வண்டி லீற்றருக்கு 45 கிலோமீற்றர் ஓடும். 4 லீற்றருக்கு 180. போக வர 70 என்றால் இரண்டரை நாள் பாடசாலை. மிகுதி இரண்டரை நாளுக்கு? சந்தியில் இருந்து பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போனேன். என் மாணவர்களுக்கு அந்த இரண்டரை நாளில் முதல் பாடவேளை கணிதம் நடக்கவில்லை.

நகரத்தில் வீட்டிலிருந்து 3 கிலோமீற்றரில் வேலை செய்பவருக்கும் 4 லீற்றர். அவருக்கு அது மிஞ்சும். சமமாகப் பங்கிட்டார்கள் என்பது சரி. தூரத்தில் இருப்பவனுக்கு அந்தச் சமம் பாதியாகத்தான் வந்து சேர்ந்தது.

மேகலா

ஐயா, தேவைக்கேற்பக் கொடுக்கலாம் என்றால் தேவையை யார் முடிவு செய்வது? கியூஆர் வருவதற்கு முன் அதிகாரிகளின் கடிதமும் பட்டியலும் இருந்தன. பட்டியலில் யார் யார் பெயர் ஏறியது என்று நம் எல்லாருக்கும் தெரியும். கரையோரன் தம்பியின் அப்பாவுக்குக் கடிதம் எழுதவே ஆள் இருக்கவில்லை. குறியீட்டிடம் யாரும் முகத்தாட்சண்யம் எதிர்பார்க்க முடியாது. அந்த நேரத்தில் அவசரமாகச் செய்யக்கூடிய நேர்மையான வழி அதுதான் என்று நான் நினைக்கிறேன். தூரப் பாடசாலை ஆசிரியருக்கு மேலதிகமாக 4 லீற்றர் என்று குறியீட்டிலேயே சேர்த்திருக்கலாம் என்பதை ஒத்துக்கொள்கிறேன்.

பம்படியான்

கியூஆர் பற்றி நான் கண்ட ஒன்று. வந்து இரண்டாவது கிழமை. முன்பு மூன்று தடவை வந்தவர் என்று சொன்னேனே, அவர் வந்தார். 4 லீற்றர் அடித்தேன். அடுத்த கிழமை வந்தார், குறியீட்டைக் காட்டினார், "2 லீற்றர் போதும்" என்றார். தாங்கியில் ஏற்கெனவே இருந்தது. ஏன் அண்ணா மிச்சம் விடுகிறீர்கள் என்று கேட்டேன். "அடுத்த கிழமையும் தருவாய்தானே" என்றார்.

மாஸ்டர் முதலில் கேட்ட கேள்விக்கு அவர்தான் பதில். மனிதர் மாறவில்லை. கப்பல் ஒழுங்காக வரத் தொடங்கியதும் ஒரு காரணம், அதை மறைக்கமாட்டேன். ஆனால் அவர் வீட்டில் இருந்த போத்தல்களைக் காலி செய்தது அடுத்த கிழமையும் வரும் என்ற நம்பிக்கைதான்.

ராலேவாசி

இங்கும் அதே. குழாய் திறந்த செய்தி வந்த மறுநாள், பங்க்கில் இன்னும் பெட்ரோல் வராத நிலையிலேயே, வரிசை பாதியாகக் குறைந்துவிட்டது.

கரையோரன்

அந்த நம்பிக்கை எல்லா ஊருக்கும் ஒரே நேரத்தில் வருவதில்லை. அதுதான் என் ஆதங்கம். 2017 நவம்பரிலும் இதுதான் நடந்தது. ஒரு கப்பல் பெற்றோல் தரமில்லை என்று திருப்பி அனுப்பப்பட்டது, நாடே வரிசையில் நின்றது. அப்போது டொலர் நெருக்கடி கூட இல்லை. ஒரு கப்பல் தவறினால் தாங்க முடியாத அளவு குறைந்த இருப்போடு நாங்கள் வாழ்கிறோம் என்று அன்றே தெரிந்தது. ஐந்து வருடத்தில் என்ன செய்தோம்?

கொழும்புக்குப் பக்கத்தில் எண்ணெய்க் களஞ்சியம் இருக்கும் கொலன்னாவையிலிருந்து யாழ்ப்பாணம் ஏறக்குறைய 400 கிலோமீற்றர். பவுசருக்கே டீசல் இல்லாத நாட்களில் கிட்ட இருக்கும் செட்டுகளுக்கு இரண்டு தடவை ஓடுவார்கள், எங்களுக்கு ஒரு தடவை. திருகோணமலை எங்களுக்குக் கொழும்பை விடக் கிட்ட. அங்கே ஆங்கிலேயர் கட்டிய 99 எண்ணெய்த் தாங்கிகள் இருக்கின்றன. பெரும்பாலானவை பல தசாப்தங்களாகப் பயன்படாமல் காட்டுக்குள் கிடந்தன. 2022 ஜனவரியில், நெருக்கடி வாசலுக்கு வந்த பிறகுதான், 61 தாங்கிகளை இந்தியாவோடு சேர்ந்து புதுப்பிக்க ஒப்பந்தம் போட்டார்கள். இரண்டு தாங்கியை வடக்குக்கும் கிழக்குக்கும் மட்டும் என்று ஒதுக்கி நிரப்பி வைத்தால், அடுத்த தடவை கப்பல் பிந்தும்போது அப்பா கடலுக்குப் போவார்.

வடமராட்சியான்

இதை இளம் ஆசிரியருக்கு அச்செடுத்துக் கொடுக்கப் போகிறேன். பம்படியான் தம்பி எழுதிய கடைசிப் பதிவை முதலில் வைத்து.

கொப்பியின் கடைசி வரி: "ஓகஸ்ட் 13. காலை 7.10. 16ஆவது. 4 லீற்றர். 20 நிமிடம்." அதற்குப் பிறகு நான் எழுதவில்லை. மீதிப் பக்கங்கள் வெறுமையாக இருக்கின்றன.

கொட்டகலை மலர்

ஐயா, அந்த வெறும் பக்கங்களில் மண்ணெண்ணெய்க்கும் இடம் விடுங்கள். அம்மாவின் கானுக்குக் கியூஆர் இருக்கவில்லை. எந்தெந்த நாள் பெயர் விழவில்லை என்று தோட்டத்துச் சம்பளச் சீட்டுகளில் இருக்கும், அவர் எல்லாவற்றையும் ஒரு பிஸ்கட் டின்னில் வைத்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை எடுத்துப் பார்த்து எழுதி அனுப்புகிறேன்.

வடமராட்சியான்

அனுப்புங்கள் தங்கச்சி. நான்கு பக்கம் விட்டிருக்கிறேன். கரையோரன் தம்பி, உங்கள் அப்பா கரையில் நின்ற நாட்களுக்கும் நான்கு.